விளக்கெண்ணெயும் கழுவிய பெட்ரோலும்

என் அண்ணனுக்குப் பேட்டையில் லேத் பட்டறை. நான் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். அவன் இரும்பைக் கடைகிறான், நான் பிள்ளைகளின் மண்டையைக் கடைகிறேன், இரண்டும் ஒரே தொழில்தான் என்று நான் சொல்வதுண்டு. அவனுக்குச் சிரிப்பு வராது. ஆறு வயது மூத்தவன், அதிகம் பேசாதவன். நான் அதற்கு நேர்மாறு. வீட்டுக்கு வரவேண்டிய கோபம் முழுவதையும் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டதாக அம்மா சொல்வாள்.

அண்ணனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. சின்ன விமானங்களைச் செய்து பறக்கவிடுவது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆறடி. மூக்கில் நிஜமான எஞ்சின் ஒன்று, கைக்குள் அடங்குகிற அளவில் இருக்கும். கையிலிருக்கும் ரேடியோப் பெட்டியில் இரண்டு குச்சிகளை அசைத்து அதை மேலே ஏற்றுவான், திருப்புவான், தரையில் பூப்போல இறக்குவான். ஷார்ஜாவில் ஏழு வருஷம் வேலை பார்த்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் இது. மற்றவர்கள் ஊருக்குத் திரும்பும்போது கம்பளியும் தைலமும் கொண்டுவந்தார்கள். இவன் ஒரு பதினைந்து சி.சி. எஞ்சினைப் பனியனில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அவன் மனைவி, என் மதினி, அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அந்த எஞ்சின் இப்போது இல்லை. அது போன விதத்தைத்தான் எழுதுகிறேன். எஞ்சின் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதோடு அண்ணனுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கையும் போயிற்று. அதைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருந்தேன்.

அந்த மாதிரி எஞ்சின் பெட்ரோலில் ஓடாது. மெத்தனாலில் ஓடும். அதற்கு ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு குட்டிப் பிளக், அதற்குள் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள். கிளப்பும்போது மட்டும் பேட்டரியைத் தொடவைத்துச் சூடாக்கினால் போதும். அப்புறம் மெத்தனால் ஆவி படப்படப் பிளாட்டினம் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். வினையூக்கி என்று இருபத்தைந்து வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். புத்தகத்துக்கு வெளியே அதை நான் கண்ணால் கண்டது அண்ணனின் எஞ்சினில்தான்.

ஒரு சமயம் அவனுக்கு அந்தப் பிளக்குகள் அடிக்கடி செத்துக்கொண்டிருந்தன. கம்பியின்மேல் எண்ணெய்ப் பிசின் படிந்திருக்கும், மெத்தனாலில் ஊறப்போட்டு எடு என்றேன். எடுத்தான், உயிர் வந்துவிட்டது. அன்றிலிருந்து என் வாயில் வருவதெல்லாம் அவனுக்குத் தீர்ப்பு. "படிச்சவ சொன்னா சரியாத்தாம்ளா இருக்கும்" என்பான். அவன் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். நான் எம்.எஸ்ஸி. அதை அவன் பொறாமையாகச் சொன்னதே இல்லை, பெருமையாகத்தான் சொன்னான். நானும் வெட்கமில்லாமல் அந்தப் பெருமையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சில வருஷங்களாக மெத்தனால் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. கள்ளச்சாராயத்தில் மெத்தனாலைக் கலந்து ஆட்கள் சாகிற செய்தி பேப்பரில் வரவர, கெமிக்கல் கடைகளில் லைசென்ஸ் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் சின்ன விமானத்துக்கு வேண்டும் என்று சொன்னால் எந்தக் கடைக்காரர் நம்புவார்?

"மெத்தனால்னு வாயத் தொறந்தாலே என்னைய ஒரு மாதிரி பாக்காருளா. நான் என்னமோ ஊறல் போட்டு விக்கவன் மாதிரி" என்று அண்ணன் என் வீட்டில் வந்து உட்கார்ந்து சொன்னான். கொஞ்சம் பொறுத்து, "ஸ்கூல் லேப்ல இருக்கும்லா?" என்றான்.

"இருக்கும். பூட்டியிருக்கும். சாவி எங்கிட்டதான் இருக்கும். அதுக்கு?" என்றேன்.

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, "அப்பம் பெட்ரோலுக்கு மாத்திர வேண்டியதுதான்" என்றான். எதையும் இப்படித்தான் முடிவுசெய்வான், பஸ் மாறி ஏறுவதைச் சொல்வதுபோல.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அந்த வேலை நடந்தது. பெட்ரோலுக்குத் தீப்பொறி வேண்டும். அதனால் விசிறியைப் பிடித்திருக்கும் குமிழில் ஒரு குட்டிக் காந்தத்தைப் பதித்து, அது சுற்றி வரும்போது உணர்ந்து பொறி தட்டுகிற பெட்டி ஒன்றைத் தபாலில் தருவித்தான். காந்தத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, பொறி வரவில்லை என்று இரண்டு நாள் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தான். மெத்தனால் நிறையக் குடிக்கும் எஞ்சின் அது. பெட்ரோல் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் போக வேண்டும், பழைய கார்புரேட்டரில் அவ்வளவு நுணுக்கமாக அடக்க முடியாது. புல் வெட்டும் எந்திரத்தின் கார்புரேட்டர் ஒன்றைப் பிடித்து, அலுமினியத்தில் ஒரு தட்டு கடைந்து அதில் பொருத்தினான். அந்தக் கார்புரேட்டர் தானே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ள எஞ்சினின் அடிப்பெட்டியில் குண்டூசி நுழைகிற அளவில் ஒரு துளை போட வேண்டும். துளை போட்டுவிட்டால் பழையபடி ஆக்க முடியாது. இருப்பது ஒரே எஞ்சின். அன்றைக்கு அவன் என்னைப் பட்டறைக்கு வரச்சொன்னான். நான் போய் என்ன செய்யப்போகிறேன், சும்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். துளை போட்டு முடித்ததும் மூச்சை விட்டு, "பயமா இருந்துச்சுளா" என்றான். தன் தொழிலில் அவன் பயம் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பெட்ரோலில் ஓடும்போது எஞ்சின் கூடுதலாகச் சூடாகும், மெத்தனால் ஆவியாகும்போது தருகிற குளிர்ச்சி பெட்ரோலில் இல்லை என்று நான் சொன்னேன். மூக்குத் தகட்டில் காற்று போக இன்னும் இரண்டு வாசல் வெட்டினான். ரப்பர் டியூபெல்லாம் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும் என்றேன். மாற்றினான். நான் சொன்ன ஒன்றையும் அவன் தட்டவில்லை. எண்ணெய் விஷயத்தில் மட்டும் தட்டினான்.

இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் ஊற்ற இடம் கிடையாது. எரிபொருளிலேயே கலந்துவிட வேண்டும். மெத்தனாலில் அவன் எப்போதும் செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெயைத்தான் கலந்தான். பெட்ரோலிலும் அதையே கலக்கப்போவதாகச் சொன்னான்.

"பெட்ரோல்ல வெளக்கெண்ணெ ஒழுங்காக் கரையாதுண்ணே" என்றேன்.

"பிஸ்டன் ராடுல பேரிங் கெடையாதுளா, வளையம் மாதிரி வெறும் புஷ்ஷுதான். சூடு ஏறினா மத்த எண்ணெயெல்லாம் தண்ணியா ஓடிரும். வெளக்கெண்ணெ ஒட்டிக்கிட்டு நிக்கும்."

"புஸ்தகத்துல கரையாதுன்னு இருக்கு."

அவன் பங்கில் வாங்கின பெட்ரோலில் விளக்கெண்ணெயைக் கலந்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, பட்டறை ஜன்னலில் இரண்டு வாரம் வைத்தான். பிறகு அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். கடுந்தேயிலைத் தண்ணீர்போல ஒரே நிறமாக, தெளிவாக இருந்தது. அடியில் ஒரு சொட்டுக்கூடப் பிரியவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது. "சரி, பாப்போம்" என்று சொல்லிப் பாட்டிலை எடுத்துப் பின்பக்க அலமாரியில் வைத்துவிட்டேன். கரையாது என்று புத்தகம் சொல்வது இங்கே ஏன் கரைந்து நிற்கிறது? பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை.

தை மாதம் பட்டறையில் எஞ்சினைப் பலகையில் பூட்டி ஓட்டிப் பார்த்தான். அவன் கலவையிலேயே நன்றாக ஓடியது. மெத்தனாலில் அது வண்டு போலக் கிறீச்சிடும். பெட்ரோலில் கொஞ்சம் அடித்தொண்டையில் பேசியது. ஆனால் மூன்று வாரத்தில் கார்புரேட்டருக்குள் இருந்த மெல்லிய ரப்பர் சவ்வு நெளிந்துபோய்விட்டது. என்னிடம் கொண்டுவந்து காட்டினான். எனக்கு உடனே பிடிபட்டது. இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்குவரை எத்தனால் இருக்கிறது. சவ்வைக் கெடுத்தது அதுதான்.

"எத்தனால நான் எடுத்துத் தாரேன்" என்றேன்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பெட்ரோலோடு தண்ணீரைச் சேர்த்துக் குலுக்கினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். அடியில் தங்குகிற தண்ணீரை வடித்துவிட்டால் மேலே இருப்பது எத்தனால் இல்லாத பெட்ரோல். அடியில் குழாய் வைத்த கண்ணாடிக் குடுவை ஒன்று என்னிடம் சொந்தமாக இருந்தது. பின்கட்டில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று லிட்டரைக் கழுவி எடுத்தேன். ஆற்றுத் தண்ணீர் வருகிற குழாயைத் திறந்துவிட்டுப் பெட்ரோலைக் கழுவுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி நான் தேறமாட்டேன் என்று முடிவு கட்டியிருப்பாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் அவன் எஞ்சினுக்கு நான் சொல் மட்டுமே கொடுத்திருந்தேன். முதல்முறையாகக் கையால் ஒரு பொருள் செய்து கொடுக்கிறேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை. காலையில் அண்ணன் வேனில் விமானத்தை ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நான் கழுவின பெட்ரோலைத் தகர டின்னில் ஊற்றி வைத்திருந்தேன். அவன் அளவு பார்த்து விளக்கெண்ணெயை அதில் விட்டான்.

"சொன்னாக் கேக்க மாட்டல்லா" என்றேன்.

"அன்னைக்கிக் கலந்துதான நின்னுச்சு" என்று சொல்லி, டின்னை மூடி நன்றாகக் குலுக்கினான். தகர டின்னுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. இரண்டு பேரும் வேனில் ஏறினோம்.

ராதாபுரத்தைத் தாண்டி அவனுக்குத் தெரிந்தவரின் தரிசு நிலம் ஒன்று இருக்கிறது. செம்மண், ஓரங்களில் பனை, தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். ஆடியில் அங்கே ஆளையே தள்ளிவிடும் காற்று மாசியில் சாதுவாக இருக்கும். ஒன்றரை மணி நேரம் டின் காலடியில் குலுங்கிக்கொண்டே வந்தது. போனதும் முதல் வேலையாக டேங்கை நிரப்பினான். விசிறியை ஒரு தட்டுத் தட்டினான். மூன்றாவது தட்டில் பிடித்துக்கொண்டது.

பத்து நிமிஷம் பறந்தது. நான் அதிகம் உணர்ச்சிவசப்படுகிறவள் இல்லை. ஆனால் ஐப்பசியிலிருந்து பார்த்த வேலை அத்தனையும் தலைக்குமேலே வட்டமடித்து, காற்றாலைப் பக்கம் போய்த் திரும்பி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கைதட்டினேன். அண்ணன் விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "உன் பெட்ரோலு நல்லாப் போவுதுளா" என்றான்.

இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். மதினி புளிச்சாதமும் தேங்காய்த் துவையலும் கட்டிக் கொடுத்திருந்தாள். பனைமர நிழல் ஆளுக்கு ஒரு முழம்தான் கிடைக்கும், அது நகர நகர நாங்களும் நகர்ந்தோம். எஞ்சின் நன்றாக ஆறட்டும் என்று ஒன்றரை மணி நேரத்துக்குமேல் பேசிக்கொண்டிருந்தோம். டின் வேனுக்கு அடியில் அசையாமல் இருந்தது.

இரண்டாம் தடவை அவன் டின்னைக் குலுக்கவில்லை. குலுக்க வேண்டும் என்று தோன்ற அவனுக்குக் காரணமே இல்லை. அவன் கண்ணால் பார்த்த கலவை இரண்டு வாரம் பிரியாமல் நின்ற கலவை. கைப்பம்பின் டியூபை டின்னுக்குள் பாதிவரை விட்டு, உறிஞ்சி டேங்கை நிரப்பினான். விமானம் ஏறியது. இருநூறு அடி போயிருக்கும். சத்தம் திடீரென்று மெலிந்து, கூராகி, நின்றுவிட்டது.

எஞ்சின் நின்றுபோன விமானத்தை இறக்குவது லேசான காரியம் இல்லை. அண்ணன் முகம் மாறவில்லை. "பைய, பைய" என்று அதனிடமே சொல்லிக்கொண்டு, இரண்டு பனைகளுக்கு நடுவே கொண்டுவந்து, ஒரு கீறல் இல்லாமல் செம்மண்ணில் உட்காரவைத்தான். ஓடிப் போய் விசிறியைத் திருப்பிப் பார்த்தான். அசையவில்லை. பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்திருந்தது. அப்புறம் பட்டறையில் திறந்து பார்த்தபோது ராடு முறிந்து, சிலிண்டர் சுவர் முழுக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடிய எஞ்சினின் அடையாளம் அது.

ஆனால் நான் பட்டறைவரை பொறுத்திருக்கவில்லை. அந்தப் பொட்டலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா? பெட்ரோலுக்கு வெளக்கெண்ணெ ஆவாதுன்னு சொன்னனா இல்லையா? ஐ.டி.ஐ.ல சொல்லிக் குடுத்ததுதான் வேதவாக்குன்னு நின்ன. இப்பம் பாரு."

அவன் விமானத்தின் பக்கத்தில் குந்தியிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமாளா. நீ சொல்லத்தான் செஞ்ச. எனக்குத்தான் வெளங்கல" என்றான்.

வள்ளியூர் வழியாக ஊருக்குத் திரும்பினோம். என்னை வீட்டில் இறக்கிவிட்டு, மிச்சமிருந்த டின்னையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மிச்சத்தைக் கொட்டிவிடலாம் என்று டின்னை ஒரு கண்ணாடி ஜாடியில் கவிழ்த்தேன். சிறிது நேரத்தில் அடியில் தேன் நிறத்தில் கெட்டியாக ஒரு அடுக்கு, மேலே வெளிறிய பெட்ரோல் என்று தனித்தனியாகப் பிரிந்து நின்றது. எனக்கு வந்தது வருத்தம் இல்லை, வெற்றிக்களிப்பு. பார்த்தாயா, நான் சொன்னது எவ்வளவு சரி! நாளைக்கு வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல பொருள் கிடைத்தது என்று ஜாடியை மூடி எடுத்து வைத்தேன். வைக்கும்போது அலமாரியில் அண்ணன் கொடுத்த பழைய பாட்டில் கண்ணில் பட்டது. மூன்று மாதம் ஆகியும் அது அப்படியே தெளிவாக இருந்தது. அது என்னை உறுத்தியது. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் பாடவேளை எனக்கு இல்லை. லேப்பில் தனியாக உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே எண்ணெய், அதே அளவு, அதே கை. ஒன்று கலந்திருக்கிறது, ஒன்று பிரிந்திருக்கிறது. என்ன வித்தியாசம்? வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ஒன்று பங்கிலிருந்து வந்த பெட்ரோல், மற்றது நான் கழுவின பெட்ரோல்.

 அலமாரியைத் திறந்து எத்தனால் எடுத்து, பிரிந்து நின்ற ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்கினேன். கலங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டேன். சட்டென்று முழுவதும் தெளிந்து, அண்ணனின் பாட்டிலும் என் ஜாடியும் ஒரே நிறமாகிவிட்டன.

விளக்கெண்ணெயையும் பெட்ரோலையும் பிடித்துவைத்திருந்தது எத்தனால். அதைக் கழுவி வெளியே விட்டது நான். அதனால்தான் எண்ணெய் டின்னின் அடியில் தங்கி, அண்ணனின் டியூப் மேலே இருந்த வெறும் பெட்ரோலை உறிஞ்சியிருக்கிறது. அண்ணனின் கலவை அவன் சொன்னபடியே சரியாக இருந்தது. நான் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால், ஒரு ரப்பர் சவ்வுதான் போயிருக்கும்.

அன்று சாயங்காலமே பேட்டைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. செய்முறைத் தேர்வு நடக்கிறது, விடைத்தாள் கிடக்கிறது, சொந்தக்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம். காரணம் தேடுகிறவளுக்குப் பாளையங்கோட்டையில் என்ன பஞ்சம்? உண்மை என்னவென்றால், எனக்கு அது முடியவில்லை. தப்புச் செய்தேன் என்று சொல்வதுகூட முடிந்திருக்கும். ஐ.டி.ஐ. என்று சொன்ன அந்த வாயால், உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று என்று சொல்வதுதான் முடியவில்லை. அவன் என்மேல் வைத்திருந்த அந்த ஒரு பெருமையை விட்டால் எனக்கு அவனிடம் வேறு என்ன இடம் இருக்கிறது என்று பயந்தேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் மதினி போன் செய்தாள்.

"டீச்சர், உங்க அண்ணன் பட்டறையில சும்மாவே உக்காந்திருக்காவ. ஒரு சைஸ மூணு தரம் அளக்காவ. அளந்துட்டுப் பக்கத்துப் பட்டறைக்காரரக் கூப்பிட்டுச் சரியான்னு கேக்காவ. முப்பது வருஷமா லேத்துல நிக்க மனுசன் இப்பிடிக் கேட்டுப் பாத்திருக்கீயளா? வந்து என்னன்னு கேளுங்களேன்."

"வாரேன் மதினி" என்றேன். அதற்குப் பிறகும் ஏழு நாள் போகவில்லை. மற்ற பன்னிரண்டு நாளையாவது எப்படியாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், இந்த ஏழு நாளுக்கு ஒன்றும் சொல்ல முடியாது. அவனுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தே வீட்டில் இருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவநாட்கள் வேறு. கோயிலில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது என் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாட்டில்களைத் தயாராக எடுத்து வைத்தேன். ஒன்றில் அண்ணனின் கலவை. இன்னொன்றில் நான் கழுவின பெட்ரோலும் விளக்கெண்ணெயும், பிரிந்து நிற்கும்படி புதிதாகக் கலந்தது.

மறுநாள் சனிக்கிழமை. பெட்ரோலோடு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது என்பதால் ஸ்கூட்டரில் போனேன். டவுனில் நயினார் குளத்தைத் தாண்டும்வரை எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் செய்துகொண்டே போனேன். பட்டறைக்குள் நுழைந்ததும் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

லேத் ஓடவில்லை. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து மைக்ரோமீட்டரை வைத்து ஏதோ ஒரு புஷ்ஷை அளந்துகொண்டிருந்தான். வழக்கமாக விமானம் தொங்குகிற இடத்தில், கூரைச் சட்டத்திலிருந்து இரண்டு கயிறுகள் மட்டும் தொங்கின.

"ஏரோப்ளேன் எங்கண்ணே?"

"காலேஜ்லேருந்து பயலுவ வந்தானுவ. அங்கன இப்பிடிப் பறக்கவிட ஒரு கிளப்பு வச்சிருக்கானுவளாம். குடுத்துட்டேன். நேத்துத்தான் ஏத்திட்டுப் போனானுவ. ரேடியோவையும் குடுத்துட்டேன்."

"எதுக்குண்ணே?"

"நான் வச்சி என்னளா செய்ய? கலவைகூடத் தெரியாதவன் கையில அது எதுக்கு?"

நான் பையிலிருந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்து லேத்தின்மேல் வைத்தேன். சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோலக் கோர்வையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. எத்தனால், தண்ணீர், குடுவை, டின் அசையாமல் இருந்த ஒன்றரை மணி நேரம். அவன் மைக்ரோமீட்டரைக் கீழே வைக்காமல் கேட்டான்.

"இன்னொருக்கச் சொல்லு" என்றான். சொன்னேன்.

"அப்பம் என் கலவை சரிதானா?"

"சரிதான். நான் கழுவாம இருந்திருந்தா எஞ்சின் இன்னைக்கும் ஓடும். தப்பு முழுக்க என்னுது."

அண்ணன் எழுந்தான். தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், சாய்த்துப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான். அவன் முகம் தெளிவதை நான் கண்ணால் பார்த்தேன். என்மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். அது அவனுக்குத் தோன்றவே இல்லை. "சரியாத்தாம் கலந்திருக்கேன்" என்று தனக்குள் சொல்லிச் சிரித்தான். "உன் மதினிக்கிட்டச் சொல்லணும்ளா. ரொம்ப நாளா என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

பிறகு, பாட்டில் கையில் இருக்க, சாதாரணமாகக் கேட்டான்.

"இத எப்பம் கண்டுபிடிச்ச?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவன்.

"பத்தொம்பது நாளாச்சு" என்றேன். "எஞ்சின் போன மறு திங்கக்கிழமையே தெரியும்."

அவன் கூரையிலிருந்து தொங்கிய கயிறுகளை ஒருதரம் பார்த்தான். பாட்டிலைப் பத்திரமாக ஜன்னலில் வைத்தான். எனக்கு முகம் காட்டாமல், கையைக் கழிவுத் துணியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டான்.

"பரீச்ச நேரம்லா" என்றான். "உனக்குச் சோலி இருந்திருக்கும்."

"இல்லண்ணே" என்றேன். "சோலி ஒண்ணும் இல்ல."